சர்க்கரை வியாதியும் வியாபாரக் கவலையும்



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் பசியாற உட்கார்ந்தபோது, நாம் இருந்த மேசையில் பதினொரு பேர். அவர்களில் ஏழு பேர் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார்கள். அந்த ஏழு பேரில் நான்கு பேர் "தே ஓ கோசோங்" கேட்டார்கள். மற்ற மூவர் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, பால் டின் ஊற்றிய தே தாரேயையும் நுரை தள்ளக் குடித்தார்கள். சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. ஓராண்டுக்கு முன்வரை அந்த மூவரோடு சேர்த்து எண்ண வேண்டியவர்தான் நாமும்.

மலேசிய சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி, 18 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 18 பேருக்கு இவ்வியாதி இருந்தது. 2023ஆம் ஆண்டுக் கணக்கில் அது 100க்கு ஏறத்தாழ 16. இந்திய வமிசத்தாரிடையே இந்த வீதம் மற்றவர்களைவிட அதிகம். ஆகவே இது யாரோ சிலருடைய வியாதியன்று. நம் கடைத்தெருவின் வியாதி.

சர்க்கரை வியாதியைப் பற்றிப் பொதுவாக எழுத நாம் முற்படவில்லை. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதியதற்கு மேல் நமக்குப் படிப்பில்லை. பொதுவானதை டாக்டர்கள் எழுதுவார்கள். நாம் எழுத வந்தது ஒரே ஒரு விஷயம். பல ஆண்டுகளாக அடக்கத்தில் இருந்த சர்க்கரை, ஒரு கஷ்ட காலத்தில் கட்டவிழ்ந்து போனால் அதை மறுபடி எப்படிக் கட்டுக்குள் கொண்டு வருவது என்பதே அது. இதில் நாம் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

நமக்கு 46 வயது. கைலியும் சொங்கோக்கும் அத்தரும் விற்கும் சிறிய கடை, பினாங்கில். 38ஆம் வயதில் வியாதி தெரிந்தது. இரண்டு வகை மாத்திரையில் ஒழுங்காக இருந்து வந்தோம். 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடைக் கட்டடத்தை உடையவர் விற்றுவிட்டார். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் வந்தது. நம் அத்தா காலத்திலிருந்து இருந்த இடம். புது இடம் தேடி அலைந்து கொண்டிருக்கும்போதே ஊரில் தாயாருக்குச் சுகமில்லை என்று தந்தி போல் ஒரு டெலிபோன். போய் நான்கு நாள் இருந்தோம். திரும்பி வந்து இரண்டு வாரத்தில் மவுத்துச் செய்தி. அதற்கப்புறம் பெருநாள் சரக்கு, சாமான் மாற்றுவது, முன்பணம், கடன். இப்படி ஐந்து மாதம் ஓடியது. அந்த ஐந்து மாதமும் சர்க்கரை பார்க்கும் கருவி மேசை இழுப்பறையில் கிடந்தது. பார்த்தால் என்ன சொல்லும் என்பது தெரிந்திருந்ததால்தான் பார்க்கவில்லை. நஷ்டத்தில் ஓடும் வியாபாரி பேரேட்டைத் திறக்கப் பயப்படுவது போல.

ஜூன் மாதம் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதக் கணக்கு 10.2 என்று வந்தது. முந்திய ஆண்டு அது 6.9. டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண்மணி. கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது: "என்சிக், இந்த ஆறு மாதத்தில் வீட்டிலோ கடையிலோ என்ன நடந்தது?" நாம் சாப்பாட்டைப் பற்றியே பதில் தயார் செய்து வைத்திருந்தோம்.

அவர் விளக்கியதை நமக்குப் புரிந்த பாஷையில் சொல்லுகிறோம். கல்லீரல் ஒரு கிட்டங்கி. சாப்பிட்ட சர்க்கரையில் ஒரு பங்கை அது மூட்டையாகக் கட்டி உள்ளே அடுக்கி வைக்கிறது. பட்டினி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்புகிறது. இன்சுலின் என்பது தெருவில் வந்த மூட்டையை அந்தந்த வீட்டுக்குள் இறக்கும் கூலியாள். மனிதனுக்குப் பயமோ துக்கமோ வந்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசோல் என்னும் சத்துக்களை இரத்தத்தில் விடுகின்றன. ஆபத்து வந்துவிட்டது, ஓட வேண்டும், சண்டையிட வேண்டும், பலம் தேவை என்று கிட்டங்கிக்கு உத்தரவு போகிறது. கிட்டங்கிக்காரன் கதவைத் திறந்து மூட்டைகளைத் தெருவில் தள்ளுகிறான். அதே சமயம் வீட்டுக் கதவுகளும் பாதி சாத்திக் கொள்கின்றன; கூலியாள் தட்டினாலும் எளிதில் திறப்பதில்லை. புலி துரத்தும்போது இது நல்ல ஏற்பாடு. ஓடியவன் அந்தச் சர்க்கரையைச் செலவழித்து விடுவான். வாடகைக் கடிதம் துரத்தும்போது நாம் ஓடுவதில்லையே! கல்லாவில் உட்கார்ந்தபடியே கவலைப்படுகிறோம். மூட்டையெல்லாம் தெருவிலேயே கிடக்கிறது.

ஆகவே ஒருவர் ஒரு பிடி சோறுகூடக் கூடுதலாக உண்ணாமலே, கவலையால் மட்டும் சர்க்கரை ஏறலாம். இதை அறிந்தபோது நமக்கு ஓர் ஆறுதல் உண்டாயிற்று. ஆனால் முழுப் பழியையும் கவலையின் மேல் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. கவலை தனியாக வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கடன் கணக்குப் போட்டோம்; தூக்கம் குறைந்தால் மறுநாள் இன்சுலின் வேலை செய்வது மட்டுப்படும் என்பது நிச்சயமான விஷயம். பகலில் சாப்பிடாமல் இருந்து, கடை சாத்தியபின் பத்தரை மணிக்கு நாசி கண்டார் கடையில் குவா பஞ்சிராக, குழம்பு சோற்றை மூழ்கடிக்கச் சாப்பிட்டோம். வீடு தேடி அலைந்த நாட்களில் புரோக்கரோடு ஐந்து தே தாரே. மாலை நடை நின்றது. மாத்திரை வாரத்தில் இரண்டு மூன்று நாள் மறந்தது. இவை எல்லாம் கவலையின் கூட்டாளிகள்.

இனி நாம் செய்த பெரிய தவறு. 10.2 என்று கேட்டதும் ஒரு வாரத்தில் இதை அடித்து இறக்கி விடுகிறோம் என்று வீறாப்பு வந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதி, படிப்படியாகத்தான் இறங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் காலை வெறும் வயிற்றில் 14.2 இருந்தது. முதல் நாள் இரவு சாப்பிடாமல் படுத்திருந்தும் இப்படியா என்று ஆத்திரம். கிளிக்கிளசைடு மாத்திரை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு, பசியாறாமலே கடையைத் திறந்தோம். லுஹருக்குச் சற்று முன் ஓர் அம்மையாருக்குக் கைலி விரித்துக் காட்டிக் கொண்டிருந்தோம். வேர்த்தது. கை நடுங்கியது. 45 வெள்ளிக் கைலிக்கு 5 வெள்ளி என்று சொன்னோமாம். அது நமக்கு நினைவில்லை. கடைத் தம்பி நம்மைப் பிடித்து அஞ்சடியில் உட்கார வைத்தான். பக்கத்துக் கடை மச்சான் ஓடி வந்து சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்கச் செய்தார். கருவியில் 2.9 காட்டியது. "மச்சான், உயர்ந்த சர்க்கரை பல வருஷத்தில் கொல்லும், இது பத்து நிமிஷத்தில் கொல்லும்" என்றார் அவர். அவர் டாக்டரல்ல, மளிகைக்காரர். சொன்னது சரி.

மாத்திரைகள் எல்லாம் ஒரே ஜாதியல்ல. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே எடுப்பவை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். இன்சுலின் ஊசியும் அப்படியே. ஆகையால் டாக்டரைக் கேளாமல் அளவைக் கூட்டுவதும், அந்த மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பதும் கூடவே கூடாது. சர்க்கரை 4க்குக் கீழே போய், ஆள் நினைவோடு இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியபின் சோறோ ரொட்டியோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; 999க்கு டெலிபோன் செய்ய வேண்டும். கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். நம் தம்பிக்கு நாம் சொல்லி வைத்திருக்கவில்லை. அவன் ஊரில் தன் பாட்டனாருக்குப் பார்த்த பழக்கத்தால் நாம் பிழைத்தோம்.

மறுவாரம் கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். மிஸ்ஸி ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். டாக்டர், "முதல் இரண்டு வாரம் சர்க்கரையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நேரத்தை மட்டும் சரி செய்யுங்கள்" என்றார். இந்த ஒரு வார்த்தைதான் நம்மைத் திருப்பியது. தூங்கும் நேரம், உண்ணும் நேரம், மாத்திரை நேரம், இம்மூன்றும்.

உண்ணும் நேரம்தான் வியாபாரிக்குக் கடினம். கடையை ஒன்பது மணிக்குச் சாத்துகிறவர் இரவுச் சாப்பாட்டை எப்போது வைத்துக் கொள்வது? நாம் மஃரிப் தொழுதவுடன் கடையின் பின்கட்டில் சாப்பிடப் பழகினோம். வீட்டிலிருந்து அடுக்குச் சட்டி வரும். பத்தரை மணிச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டு வந்ததில் மட்டும், வேறொன்றும் மாற்றாமலே, காலைச் சர்க்கரை 14இலிருந்து 11க்கு வந்தது. அளவுக்குச் சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செபாரோ" முறை போதும். இது இஞ்சிச் சுக்கல்ல. மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நாசி கண்டார் கடையிலும் இதைச் செய்யலாம்: சோறு பாதி, வெண்டைக்காயும் முட்டைக்கோசும் அதிகம், குழம்பு ஓரமாக. முதல் நாள் பரிமாறுகிறவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்போது கேட்காமலே போடுகிறார்.

பானத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். பால் டின்னில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே. வாடிக்கைக்காரரோடு ஒரு கிளாஸ், சப்ளையரோடு ஒரு கிளாஸ் என்று மரியாதைக்குக் குடிப்பதெல்லாம் இரத்தத்தில் வரவு வைக்கப்படுகிறது. இன்னொன்று: தேன், கருப்பட்டி, குலா மலாக்கா, பேரீச்சம்பழம் இவை "கெடுதல் செய்யாத இனிப்பு" என்று ஒரு நம்பிக்கை. இவற்றில் வேறு நன்மைகள் இருக்கலாம்; இரத்தத்துக்குள் போனால் அவையும் சர்க்கரைதான்.

நடை விஷயத்தில் நீண்ட பிரசங்கம் தேவையில்லை. சாப்பிட்டபின் 15 நிமிஷம் நடந்தால், தசைகள் தெருவில் கிடக்கும் மூட்டைகளைக் கூலியாளின் தயவில்லாமலே உள்ளே இழுத்துக் கொள்ளும். நாம் புதுக் கடைத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றுகிறோம். ஞாயிறன்று மட்டும் பாடாங் கோத்தா கடற்கரை.

தூக்கத்துக்கு நாம் கண்டுபிடித்த உபாயம் ஒன்று உண்டு, டாக்டர் சொன்னதல்ல. படுக்கப் போகுமுன் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், நாளை யாரைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கல்லாப் பெட்டியில் போட்டுப் பூட்டி விடுவோம். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், எல்லாம் எழுதிப் பூட்டியாகி விட்டது என்று மனத்துக்குச் சொல்வோம். எல்லா இரவும் பலிப்பதில்லை.

நிற்க. கணக்கெழுதும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்ப்பது சிட்டை. அந்த நேரத்து விற்பனை மட்டும் அதில் தெரியும். மூன்று மாதக் கணக்கு பேரேடு. இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிர் வாழ்கின்றன. அவற்றில் ஒட்டிய சர்க்கரையை அளந்தால் இரண்டு மூன்று மாதச் சராசரி தெரியும். அதிலும் கடைசி ஒரு மாதத்தின் பங்கு ஏறத்தாழப் பாதி. எனவே ஒருவர் இன்று திருந்தினால் பேரேட்டில் அது முழுதாக ஏற மூன்று மாதம் பிடிக்கும். பெரும்பாலோருக்கு இந்நாட்டு டாக்டர்கள் சொல்லும் இலக்கு, வெறும் வயிற்றில் 4.4 முதல் 7 வரை; பேரேட்டில் 7 அல்லது அதற்குச் சற்றுக் கீழே. வயதானவர்களுக்கும் வேறு வியாதி உள்ளவர்களுக்கும் இலக்கைத் தளர்த்துவார்கள். ஊரில் உள்ள உறவினர் 126, 200 என்று சொன்னால் மிரள வேண்டாம். அங்கே அளவு வேறு. அவர்கள் எண்ணை 18ஆல் வகுத்தால் நம் எண் வரும்.

சிட்டையில் எண்ணை மட்டும் எழுதினால் பயனில்லை. பக்கத்தில் இரண்டு வார்த்தை: "தூக்கமில்லை", "வக்கீலைப் பார்த்தோம்", "கல்யாணச் சாப்பாடு". ஒரு மாதம் கழித்துப் புரட்டியபோது நமக்கே வியப்பு. கல்யாண பிரியாணி தின்ற மறுநாளைவிட, பழைய கடைக்காரரிடம் முன்பணம் திருப்பிக் கேட்கப் போன நாட்களில் எண் கூடியிருந்தது.

இறங்கும் காலத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். பல மாதம் 14, 15இல் பழகிய உடம்பு, 7க்கு வந்தவுடன் வேர்வையும் படபடப்பும் காட்டும். தாழ்ந்துவிட்டது என்று பயந்து இனிப்பை அள்ளித் தின்றால் பழைய குருடிதான். முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். நாம் பார்த்தபோது 6.8. ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்து உட்கார்ந்தோம்; போய்விட்டது. இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு பழகிக் கொண்டது. ஆனால் 4க்குக் கீழே இருந்தால் தாமதம் கூடாது. மறுபக்கம், எண் பலமுறை 16, 17ஐத் தாண்டி, அடங்காத தாகமும் வாந்தியும் மயக்கமும் சேர்ந்தால் வீட்டு வைத்தியம் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டு வைத்தியம் என்றதும் ஒரு எச்சரிக்கை. பாகற்காய் சாப்பிடுகிறவர் சாப்பிடட்டும்; அது கறிதானே. பெயர் தெரியாத பொடிகளையும் குப்பிகளையும் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டும், சர்க்கரை மாத்திரையும் இரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். ஒரு வெள்ளிக் கட்டணத்தில் கிளினிக் இருக்கும்போது 80 வெள்ளிக்குப் பொடி ஏன்?

நோன்பு காலத்தைப் பற்றிப் பலர் நம்மைக் கேட்கிறார்கள். கஷ்ட காலத்தில் ஏறிய சர்க்கரை அடங்குமுன் ரமலான் வந்துவிட்டால், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே டாக்டரைப் பார்த்து, பிடிக்கலாமா, மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று கேட்க வேண்டும். விரலைக் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் பலரும் கூறியிருக்கிறார்கள். 3.9க்குக் கீழே போனாலும் 16.6க்கு மேல் ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை வெட்கமாக நினைப்பவர்கள் உண்டு. 2024ஆம் ஆண்டு ரமலானில் நாம் டாக்டர் அனுமதியோடு 23 நோன்பு பிடித்தோம், மற்றவற்றை விட்டோம்.

வெட்கத்தைப் பற்றியே இன்னும் ஒரு வார்த்தை. நாம் அந்த ஐந்து மாதமும் வீட்டாரிடம் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் துக்கமிருக்கிறது, ஏன் கூட்ட வேண்டும் என்று நினைத்தோம். அஞ்சடியில் விழுந்த செய்தி வீட்டுக்குப் போனபோது அவர்கள் அழுதது வியாதிக்காக அல்ல, மறைத்ததற்காக. பக்கத்துத் தெரு மாமு ஒருவர் காலில் செருப்புக் கடித்த புண்ணை இப்படித்தான் ஆறு வாரம் மறைத்தார். கால் மரத்திருந்ததால் வலியும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் இன்றும் கல்லாவில் உட்காருகிறார். ஜும்ஆவுக்கு மகன் கைத்தாங்கலாக அழைத்து வருகிறான். தினமும் இரவு காலைக் கழுவி, விரலிடுக்கைப் பார்க்க ஒரு நிமிஷம். கண்ணுக்கு ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும். உயர்ந்த சர்க்கரை வேகமாக இறங்கும் காலத்தில் கண்ணின் உள்திரை சிலருக்குச் சற்று மோசமாகலாம் என்பதால், நமக்கு டாக்டர் முதல் மாதத்திலேயே படம் எடுக்கச் சொன்னார்.

நம் பேரேடு இது: 2023 ஜூன் 10.2, செப்டம்பர் 8.4, டிசம்பர் 7.3, 2024 மார்ச் 6.9. நடுவில் ஏறி இறங்கிய நாட்கள் ஏராளம். கடன் இன்னும் தீரவில்லை. சென்ற மாதம் புதுக் கடைக்காரரும் வாடகையை உயர்த்திக் கடிதம் அனுப்பினார். அன்றிரவு 11.4. பக்கத்தில் "வாடகைக் கடிதம்" என்று எழுதினோம். காகிதத்தில் கணக்கைப் போட்டுக் கல்லாப் பெட்டியில் பூட்டினோம். மாத்திரையைக் கூட்டவில்லை, சோற்றையும் நிறுத்தவில்லை. மறுநாள் மஃரிபுக்குப்பின் வழக்கம்போல் அடுக்குச் சட்டி வந்தது. சாப்பிட்டுத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினோம். மூன்றாம் நாள் காலை 7.1.